மாதம் பதினைந்து டொலர்

ரொறன்ரோவில் வாழும் என் பெறாமகன், பல ஆண்டுகளாக விளையாடி வந்த இணைய விளையாட்டொன்றைக் கைவிட்டுவிட்டான். மாதச் சந்தாவில் சில டொலர்களைக் கூட்டிவிட்டார்களாம்.

"இந்தக் காசுக்கோ இவ்வளவு கோபம்?" என்று தொலைபேசியில் கேட்டேன்.

"காசில்லை சித்தப்பா. இவ்வளவு வருஷம் கூட இருந்த எங்களை ஒரு சொல் கேட்கேல்லை."

எனக்கு இந்தக் குரல் புதிதன்று. ஞாயிறு இதழின் விலையைப் பத்து ரூபா கூட்டிய மறுநாள் எங்கள் ஆசிரிய பீடத்துத் தொலைபேசியில் ஒலித்த அதே குரல்தான்.

1997இல் வெளிவந்த அல்ரிமா ஒன்லைனுக்கு மாதம் 9.95 டொலர். 2004 நவம்பரில் வந்த வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் 14.99 டொலர் கேட்டது. இருபது ஆண்டுகள் கழிந்து, அமெரிக்காவில் பொருள் விலைகள் ஒன்றரை மடங்கைத் தாண்டிய பின்னரும், அங்கே அத்தொகை மாறவில்லை. ஒரு திரைப்பட நுழைவுச்சீட்டின் விலையில் ஒரு மாதப் பொழுதுபோக்கு! மலிவுதான். ஆயினும் ஆட்டக்காரர் மனத்தில் நியாயத்தின் எல்லை அந்தப் பதினைந்திலேயே நின்றுவிட்டது.

கூட்டவும் முடியாமல், சந்தாக்காரரைத் தக்கவைக்கவும் முடியாமல் போன நிறுவனங்கள் வாசலை இலவசமாகத் திறந்தன. 2011 டிசம்பரில் சந்தாவுடன் தொடங்கிய 'ஸ்டார் வோர்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்' ஓராண்டுக்குள் அவ்வழிக்கு வந்தது. ஆனால், இலவச வாசலுக்குள்ளே கடை இருந்தது. வேறு பல விளையாட்டுகளில், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகளும் வந்தன. அவற்றிற் சில சூதாட்டமே என்று 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு கூறிற்று.

சந்தாவில் ஒரு சமத்துவம் உண்டு. எல்லோரும் ஒரே தொகையைச் செலுத்துவர், திறமைக்கே முதலிடம். இலவசம் வந்ததும் செலவழிப்பவனுக்காகவே களம் அமைக்கப்படுகிறது. வாசகன் காசு கொடுக்காத பத்திரிகையில் விளம்பரதாரன் எசமானாவதை நான் கண்டிருக்கிறேன். இரண்டும் ஒரே கதைதான்.

"சரி, நியாயமான விலைதான் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"முந்தி இருந்த விலை" என்றான்.

சிரித்துவிட்டேன். எங்கள் வாசகர்களும் எப்போதும் அதையேதான் சொன்னார்கள். அவர்களிற் பலர் திட்டிக்கொண்டே அடுத்த ஞாயிறும் இதழை வாங்கினார்கள். என் பெறாமகன் திரும்பிப் போகவில்லை. அவனுடைய வாளும் குதிரையும் இன்னும் அங்கேதான் இருக்கின்றனவாம்.