தரைக்கு அடியிலிருந்து ஏறும் ஓதம்

ஐப்பசி 14

அம்மா பாய் விரிக்கும் அறையில் வினைல் விரிப்பு உப்பிக்கொண்டு நிற்கிறது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் பசை கொழகொழவென்று கையோடு வருகிறது. அடியில் கான்கிரீட் கறுத்துக் கிடக்கிறது. சுவரோரம் உப்புப் பூத்து, தேய்த்தால் மாவாக உதிர்கிறது. முழுவதையும் உரித்து வெளியே போட்டாயிற்று.

ஐப்பசி 15

மேஸ்திரி, "இது மேலயே டைல்ஸ் ஒட்டிடலாம் சார், வெளிய தெரியாது" என்றார். தெரியாமல் போவதுதான் எனக்குப் பயம். ஒன்றரை அடிச் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டினோம். 16 மணி நேரமாவது அப்படியே கிடக்க வேண்டும்.

ஐப்பசி 16

தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர். மேல்பக்கம் காய்ந்திருக்கிறது. அப்படியென்றால் காற்றின் ஈரமல்ல, தரைக்குள்ளிருந்து வருவது.

கான்கிரீட் முழுக்க மயிரிழைத் துளைகள். மண்ணிலுள்ள நீர் அவற்றின் வழியே ஏறி மேலே ஆவியாகிறது. கூட வந்த உப்பு தங்கிவிடுகிறது. ஆவி போக வழியில்லாமல் மூடினால் பசை இளகும், பூச்சு பெயரும். ஓரத்தில் கொத்திப் பார்த்தோம்: ஜல்லிக்குக் கீழே நேராக மணல். கட்டும்போதே 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட் ஒன்று விரித்திருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

ஐப்பசி 18

கொட்டுகிற மழையில் வீட்டைச் சுற்றி வந்தேன். மொட்டைமாடிக் குழாய்த் தண்ணீர் அந்த அறையின் சுவரடியிலேயே விழுகிறது. வேளச்சேரியில் எங்கள் தெருச் சாலை ஒவ்வொரு முறையும் உயர்ந்து, பேஸ்மட்டம் பாதி மண்ணுக்குள் போய்விட்டது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போடுவது கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கார்த்திகை 3

குழாயை நீட்டி வாசல் வடிகாலுக்கு விட்டோம். சுவரையொட்டிக் குவிந்திருந்த செடிமண்ணை வாரி, வெளிப்பக்கம் சரிவு கொடுத்தாயிற்று.

தை 9

தரை வெளுத்திருக்கிறது, உப்பு புதிதாகப் பூக்கவில்லை. ஆனால் மேலே காய்ந்தது உள்ளே காய்ந்ததாகாது. அடுத்த ஐப்பசியில் நிலத்தடி நீர் ஏறினால் மறுபடி ஓதம் வரும். அதனால் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போடுவதென்று முடிவு. ஷீட்டை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டி, ஓரத்தைச் சுவரோடு மேலே மடக்கிவிட்டுத்தான் கான்கிரீட்.

புதுக் கான்கிரீட்டிலும் கலந்த தண்ணீர் இருக்கும். ஒரு அங்குலம் காய ஏறத்தாழ ஒரு மாதம் என்பது கட்டடக்காரர்கள் கணக்கு. நாலு அங்குலத் தரை. மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன்: "அவசரமே இல்லண்ணே, ஷீட்ல ஒரு ஓட்டை விழாம பாத்துக்குங்க."