கொடுத்த ஆடு

எங்கள் சேரியில் ஆடுபுலி ஆட்டத்தை இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து ஆடி நான் பார்த்ததில்லை. புலிப் பக்கம் மூன்று பையன்கள், ஆளுக்கொரு புலி. ஆட்டுப் பக்கம் ஐந்து பொம்பளைகள், ஆளுக்கு மூன்று ஆடு. சுற்றி நின்று கத்துகிறவர்களுக்குக் கணக்கு கிடையாது.

பூலாம்பாடிப் பக்கம், பச்சைமலை கண்ணுக்குத் தெரிகிற மானாவாரிக் காடு. பருத்தி, சோளம், கடலை. கிணறு இருந்தால் சின்ன வெங்காயம். இன்றைக்குப் பெரம்பலூர் மாவட்டம். 1995 வரைக்கும் திருச்சி மாவட்டம். நான் சொல்வது திருச்சி மாவட்டமாக இருந்த காலத்துக் கதை.

வேலை இல்லாத மத்தியானங்களில் புளியமரத்தடிப் பாறைமேல் அப்பாயி கரிக்கட்டையால் கட்டம் போடும். உச்சியிலிருந்து நான்கு கோடு கூம்பு மாதிரி இறங்கும். குறுக்கே மூன்று கோடு, அடியில் ஒரு கோடு, குறுக்குக் கோடுகளின் முனைகளைச் சேர்த்து இரண்டு பக்கமும் ஓரக்கோடு. கோடுகள் சேருகிற இடம் மொத்தம் 23. மூன்று ஓட்டாஞ்சில்லு புலி. பதினைந்து புளியங்கொட்டை ஆடு. இதே கட்டத்தைப் பழைய கோயில் மண்டபங்களின் கல்தளத்தில் செதுக்கி வைத்திருப்பதைத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் பார்க்கலாம். வேலைக்குப் போன பிறகுதான் நான் அப்படி ஒன்றைப் பார்த்தேன். ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. ஆனாலும் நான் சின்னப் பையனாக இருந்தபோது கோயில் தளத்தில் உட்கார்ந்து ஆடும் யோகம் எங்களுக்கு இல்லை. மழை பெய்தால் எங்கள் கட்டம் அழிந்துவிடும். அப்பாயி மறுபடியும் போடும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புலிகள் முதலிலேயே உச்சியை ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். ஓர் ஆடு வைத்தால் ஒரு புலி நகரும். பக்கத்துப் புள்ளியில் ஆடு இருந்து, அதே கோட்டில் அதற்குப் பின்னால் உள்ள புள்ளி காலியாக இருந்தால் புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டிவிடும். பதினைந்து ஆடும் இறங்கி முடிகிற வரைக்கும் இறங்கிய ஆடு அசையக் கூடாது. வெட்டு வருவது தெரிந்தாலும் நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. அதனால் முடிந்தது ஒன்றே ஒன்று, மூன்று புலியையும் நகர விடாமல் கட்டிப்போடுவது.

பையன்களுக்கெல்லாம் புலிமேல்தான் ஆசை. நானும் இரண்டு வருசம் புலி பிடித்தவன்தான். எங்கள் புலிகள் தோற்றதற்குக் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. மூன்று பேரும் அவனவன் புலி தின்ன வேண்டும் என்றே பார்த்தோம். ஒருவன் புலி உச்சியில் மாட்டப் போகிறது என்று தெரிந்தாலும் அடுத்தவன் தன் வெட்டை விடமாட்டான்.

ஆட்டுப் பக்கம் அப்பாயி சொல்லுவது நாலே நாலு சங்கதி. கோடு முடிகிற மூலையில் முதல் ஆட்டை வை, அங்கே தாண்டிக் குதிக்க இடம் கிடையாது. ஆட்டை ஒத்தையில் வைக்காதே. "முதுவுக்குப் பின்னால காலி விடாதீங்கடி" என்று ஓயாமல் கத்தும். உச்சிப் புலியைக் கீழே வரவிடாதே, கீழே இரண்டு வரிசையிலும் நாலு நாலாக எட்டு ஆடு நின்றால் அது செத்த புலி. கடைசிச் சங்கதி இதுதான்: "ஒண்ணக் குடுத்தா மூணக் கட்டலாம்." ஓர் ஆட்டை வேண்டுமென்றே வெட்டக் கொடுத்தால் புலி ஓரத்துக்கு வரும், நடுவில் இடம் கிடைக்கும்.

எனக்குப் பதினொரு வயசில் ஒருநாள் ஆட்டுப் பக்கம் ஆள் குறைந்தது. அப்பாயி என்னைக் கூப்பிட்டு மூன்று கொட்டையைக் கையில் கொடுத்தது. அதற்குப் பிறகு நான் புலி பிடிக்கவில்லை. கொடுத்து வாங்குகிற அந்த யுக்தியில் நான்தான் கெட்டிக்காரன் என்று பேர் வந்தது. எந்த ஆட்டை எப்போது கொடுக்கலாம் என்று மூன்று முறை தள்ளியே கணக்குப் பண்ணிவிடுவேன். "சின்னம்மா, நீ அங்க வை" என்பேன். சின்னம்மா வைக்கும். புலி வெட்டும். நாங்கள் கட்டிவிடுவோம்.

ஏன் எப்போதும் சின்னம்மா? மற்ற நாலு கையும் சண்டை போடும். "ஏன் என் ஆட்டையே கேக்குற?" என்று எகிறும். சின்னம்மா கேட்காது. புருசன் செத்து, ஒரு பொட்டப்பிள்ளையை வைத்துக்கொண்டு கடைசி வீட்டில் இருந்தது. அதை நான் அன்றைக்கு யோசித்ததே கிடையாது. யுக்தி என்றுதான் நினைத்தேன்.

1983 தை மாதம். பருத்தி எடுப்பு. பொம்பளைக் கூலி மூன்று ரூபாய். ஐந்து கேட்டார்கள். களத்துமேட்டில் ஆண்டைகள் மூன்று பேர் முன்னால் நின்று வாயைத் திறந்து கேட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? ஆட்டத்தில் பேசாத அதே சின்னம்மா. பிள்ளை பசியில் கிடந்தால் வாய் வந்துவிடும்போல.

மறுநாள் சேரியில் ஒருத்தரும் காட்டுக்குப் போகவில்லை. ஊர்க்காரர்கள் கட்டுப்பாடு போட்டார்கள். கடையில் கடன் கிடையாது, கிணற்றில் தண்ணி கிடையாது, வரப்பில் நடக்கக் கூடாது. கூலி கேட்டதற்காக 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்திய சேதி எங்கள் ஆட்களுக்குத் தெரியும். ராத்திரியில் ஆம்பளைகள் முறை வைத்து முழித்திருந்தார்கள். அப்பாயி வீடு வீடாகப் போய்ச் சொன்னது ஆட்டத்தில் சொன்னதையேதான்: "ஒத்தையில எவளும் போவாதீங்க. பின்னால காலி விடாதீங்க."

வெடித்த பருத்தி காத்திருக்காது. காற்றில் உதிரும், பனியில் நிறம் மங்கும், மழை பிடித்தால் கறை. மூன்று ஆண்டைக்கும் ஒரே மாதிரி அவசரம் இல்லை. யாருக்கு அதிகமாக வெடித்திருந்ததோ அவர் ஒன்பதாம் நாள் ஆள் அனுப்பினார். நாலு ரூபாய் தருகிறோம், கட்டுப்பாட்டை எடுக்கிறோம். ஒரே ஒரு பேச்சு. களத்துமேட்டில் எதிர்த்துப் பேசியவளை இனி எந்தக் காட்டிலும் சேர்க்க மாட்டோம்.

அன்றைக்கு ராத்திரி புளியமரத்தடியில் கூடினார்கள். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. சரி என்று சொல்லிவிட்டார்கள். அப்பாயி அங்கே உட்கார்ந்திருந்தது. ஒன்றும் பேசவில்லை. சின்னம்மாவும் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. பத்தாம் நாள் எல்லோரும் பருத்திக்குப் போனார்கள். சின்னம்மா பிள்ளையை இழுத்துக்கொண்டு திருச்சிக்குச் சித்தாள் வேலைக்குப் போய்விட்டது.

எனக்கு ஒரே சந்தோசம். "ஒரு ஆடுதான அப்பாயி போச்சு? ஜெயிச்சுட்டோம்ல" என்றேன். அப்பாயி கம்பு புடைத்துக்கொண்டிருந்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது: "புளியங்கொட்டைய மறு ஆட்டத்துல எடுத்து வெச்சுக்கலாம்டா. அவள எங்கேருந்து எடுத்து வெப்ப?"

நேபாளத்தில் இதே போன்ற ஆட்டத்தை நாலு புலி, இருபது ஆடு வைத்து ஆடுகிறார்கள். பாக் சால் என்று பேர். லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தீர்த்து, இரண்டு பக்கமும் தப்பு செய்யாவிட்டால் ஆட்டம் சமன்தான் என்று காட்டியிருக்கிறார்கள். படித்தபோது எனக்கு அப்பாயி ஞாபகம் வந்தது. புலி தன் பலத்தால் மட்டும் ஜெயிப்பதில்லை, ஆட்டுப் பக்கம் தப்பு நடக்க வேண்டும். இது எங்கள் பொம்பளைகளுக்குக் கரிக்கட்டையிலேயே தெரிந்திருந்தது. நம் சுவர்களில் ஆடாக இருக்காதே, சிங்கமாக இரு என்று எழுதுகிறோம். எழுதட்டும். ஆனால் ஆட்டுப் பக்கத்துக்கும் ஒரு மூளை உண்டு, அதை நான் கேவலமாக நினைக்க மாட்டேன்.

என் வருத்தம் வேறு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் வந்தது. அதற்குப் பிறகு வழக்குக் கொடுத்த குடும்பங்களோடு எத்தனையோ சமாதானக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். ஒரு வழக்கை வாபஸ் வாங்கினால் தெருவுக்குத் தண்ணீர் வரும், ஒரு குடும்பம் விட்டுக்கொடுத்தால் நூறு குடும்பத்துக்கு வேலை கிடைக்கும் என்பார்கள். எதிர்த்தரப்பு மட்டும் சொல்வதில்லை. நம் ஆட்களே அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்வார்கள். எந்த வீடு என்று பார்த்தால் கடைசி வீடாக இருக்கும். ஆம்பளை இல்லாத வீடு, அண்ணன் தம்பி இல்லாத வீடு, சண்டைக்கு வராத வீடு. அந்தக் கணக்கை நான் பதினொரு வயசிலேயே போட்டவன். அதனால் மற்றவர்களைக் குற்றம் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

1997-ல் அப்பாயி செத்தபோது சின்னம்மா திருச்சியிலிருந்து வந்தது. தலை முழுக்க நரைத்திருந்தது. காடு போய் வந்த பிறகு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பாறையில் கட்டம் இல்லை. நான் தயங்கித் தயங்கி, அன்றைக்கு உன்னை விட்டுக்கொடுத்தது தப்பு சின்னம்மா என்றேன். ஆட்டத்திலும் உன் ஆட்டையே கொடுத்தேன் என்றேன்.

சின்னம்மா கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. பிறகு சொன்னது:

"எனக்கு ஆட்டம் தெரியாதுன்னா தம்பி நெனச்ச? நீ எங்க வெக்கச் சொல்ற, அது வெட்டுப்படும்னு தெரிஞ்சுதான் வெச்சேன். அன்னிக்குக் கூட்டத்துலயும் அப்படித்தான். கேட்டிருந்தா நானே போறேன்னு சொல்லியிருப்பேனோ என்னமோ. ஒருத்தரும் கேக்கல பாரு."

அதற்கு மேல் நானும் பேசவில்லை. சாயங்கால பஸ்ஸுக்கு ஏற்றிவிட்டு வந்தேன்.