கடைசிப் பக்கம்

ரொம்ப நாளாச்சு மக்களே இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. கடைசியா எழுதினது தீபாவளி முறுக்கு பத்தி. அதுக்கப்புறம் ஆபீஸ்ல புடுங்குன ஆணியை எல்லாம் சேர்த்தா ஒரு வீடே கட்டலாம். சரி, விஷயத்துக்கு வர்றேன்.

எங்க கிளையண்ட் அமெரிக்கக்காரங்க. பிப்ரவரி அங்க கறுப்பின வரலாற்று மாதம். 1926ல கார்ட்டர் வுட்சன் ஒரு வாரமா ஆரம்பிச்சு வச்சது, 1976ல இருந்து முழு மாசமா கொண்டாடுறாங்க. அதை ஒட்டி ஒரு மெயில் வந்துச்சு. மாசம் முழுக்க கறுப்பின எழுத்தாளர்கள் எழுதினதை மட்டும் படிக்கணும், அதுல ஒண்ணாவது காதல் கதையா இருக்கணும், படிச்சதைப் பத்தி கடைசி வாரம் பேசணும். பரிசு உண்டுன்னு போட்டிருந்ததால பேரைக் குடுத்தேன். ஹி ஹி.

முதல்ல எடுத்தது பெவர்லி ஜென்கின்ஸ் எழுதி 1994ல வந்த ஒரு நாவல். கான்சாஸ்ல ஒரு பள்ளிக்கூட டீச்சர், குதிரைப்படையில ஒரு சார்ஜண்ட், ரெண்டு பேரும் கறுப்பினம். சண்டை, ஊடல், அப்புறம் கல்யாணம். அடப் பாவிகளா, இது எங்கம்மா படிக்கிற ரமணிசந்திரன் மாதிரியே இருக்கேன்னு சிரிச்சுக்கிட்டேதான் படிச்சேன்.

எங்கம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. உத்திரமேரூர்ல எங்க தெருவுல கைமாறி கைமாறி வர்ற மாத நாவல் எதுவா இருந்தாலும் கடைசிப் பக்கத்தை முதல்ல படிச்சுடுவாங்க. ஏம்மான்னு கேட்டா, "ரெண்டு பேரும் சேர்றாங்கன்னு தெரிஞ்சாதாண்டா நிம்மதியா படிக்க முடியும்"னு பதில் வரும். சேரலைன்னா புத்தகம் அப்படியே பக்கத்து வீட்டுக்குப் போயிடும்.

ஜென்கின்ஸை முடிச்சப்போதான் அந்தப் பழக்கத்தோட அர்த்தம் புரிஞ்சது. அடிமைமுறை ஒழிஞ்சு ரொம்ப வருஷம் ஆகாத காலத்துக் கதை. நிஜத்துல அந்த ஊர்ல, அந்தக் காலத்துல, அந்த ரெண்டு பேருக்கும் என்ன வேணா நடந்திருக்கலாம். ஆனா காதல் நாவலுக்குன்னு ஒரு சட்டம் இருக்கு, கடைசியில ரெண்டு பேரும் நல்லா இருக்கணும். எப்பவும் ஏதாவது நடந்துக்கிட்டே இருக்கிற ஜனங்களுக்கு, "இந்த ரெண்டு பேருக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு ஒருத்தர் எழுத்துல வாக்கு குடுக்கிறது சின்ன விஷயம் இல்லை. நான் அதைப் பொழுதுபோக்குன்னு நினைச்சுட்டேன்.

அடுத்தது ஜோரா நீல் ஹர்ஸ்டன், 1937ல வந்த நாவல். ஜேனிக்கு மூணு கல்யாணம், மூணாவதுலதான் காதல். அந்தம்மா 1960ல வறுமையில இறந்துபோய், கல்லறையில பேரு கூட இல்லாம கிடந்திருக்காங்க. 1973ல ஆலிஸ் வாக்கர் தேடிப் போய் கல்லு நட்டு வச்சாங்க.

ரெண்டாவது வாரம் தண்ணி குடிக்கப் போன இடத்துல டீம்ல ஒருத்தர் கேட்டார், "நம்ம ஊர்ல இந்த மாதிரி யாரு எழுதுறாங்க, பாஸ்?" என் வாயில பதில் வரலை. இஞ்சினியரிங் முடிச்சு ஆறு வருஷமா புத்தகம் படிக்கிறேன்னு பீத்திக்கிறவன். தலித் எழுத்தாளர் புத்தகம் எத்தனை படிச்சிருக்கேன்னு எண்ணிப் பார்த்தா ஒண்ணு. அதுவும் 'அசுரன்' படம் 2019ல வந்தப்புறம் வாங்கின பூமணியோட 'வெக்கை'. அது 1982லயே வந்த நாவல்!

1946லயே அம்பேத்கர் அமெரிக்காவுல இருந்த டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதியிருக்கார். உங்க ஜனங்க ஐ.நா.வுக்குக் குடுத்த மனுவோட நகல் கிடைக்குமான்னு கேட்டு. டு பாய்ஸும் பதில் போட்டிருக்கார். அவங்களுக்கு அப்பவே தெரிஞ்ச சொந்தம் எனக்கு ஒரு கார்ப்பரேட் மெயில் வந்துதான் உறைச்சது.

மீதி மாசம் தமிழ். மெயிலோட விதி என் சவுகரியத்துக்கு மாத்தப்பட்டது :-)

பாமாவோட 'கருக்கு', 1992. ஊர்ப் பெரியவர் ஒருத்தர் பலகாரப் பொட்டலத்தைக் கையில படாம கயித்தைப் பிடிச்சுத் தொங்கவிட்டு எடுத்துட்டுப் போறதைப் பார்த்து சின்னப் பொண்ணு விழுந்து விழுந்து சிரிக்கும். அப்புறம் அண்ணன் காரணத்தைச் சொல்வார். சிரிப்பு நின்னுடும். எனக்கும் நின்னுடுச்சு. ப. சிவகாமியோட 'பழையன கழிதலும்', 1989. சொந்த ஜாதித் தலைவரா இருக்கிற அப்பாவையே மக கேள்வி கேட்கிற கதை. ராஜ் கௌதமனோட 'சிலுவைராஜ் சரித்திரம்', 2002. ஷேர் ஆட்டோவுல படிச்சுட்டு தனியா சிரிச்சு பக்கத்து சீட்டு அம்மா நகர்ந்து உட்கார்ந்தாங்க. மனுசன் 2024ல போயிட்டார். இமையத்தோட 'கோவேறு கழுதைகள்', 1994. தலித்துகளுக்கே துணி வெளுக்கிற ஆரோக்கியத்தோட கதை. ஒதுக்கப்பட்டவங்களும் தங்களுக்குக் கீழ ஒருத்தரை வச்சிருக்காங்கன்னு சொல்றது. பூமணி, இமையம் ரெண்டு பேருமே தங்களை தலித் எழுத்தாளர்னு சொல்றதை ஏத்துக்கிறதில்லை. எழுத்தாளர்னு சொன்னா போதும்கிறாங்க. அதுவும் நியாயம்தான்.

எல்லாம் சரி, காதல் கதை எங்கே? விதியில அது உண்டே. தேடினப்போ கிடைச்சது இமையத்தோட 'பெத்தவன்', 2012. (இன்னும் படிக்காதவங்க இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க.) தலித் பையனை விரும்பின மகளைக் கொன்னுடணும்னு ஊரே கூடி அப்பாகிட்ட சத்தியம் வாங்குது. அப்பா ராத்திரியோட ராத்திரியா மகளைத் தப்பிக்க விட்டுட்டு, அவளுக்காக வாங்கி வச்ச விஷத்தைத் தான் குடிக்கிறார். சின்னப் புத்தகம். ஒரே மூச்சுல படிச்சுட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன்.

நான் தேடிப் படிச்ச வரைக்கும் நம்ம பக்கத்துக் காதல் கதைகளுக்குக் கடைசிப் பக்கம் இப்படித்தான் இருக்கு. எழுதினவங்களைக் குத்தம் சொல்ல முடியுமா? 2003ல கண்ணகி முருகேசன், 2013ல இளவரசன், 2015ல கோகுல்ராஜ், 2016ல உடுமலை சங்கர். 2025 ஜூலையில திருநெல்வேலியில கவின், 27 வயசு சாஃப்ட்வேர் இஞ்சினியர். என் வயசு, என் வேலை. செய்தியைப் பார்த்துட்டு ஸ்டேண்ட்அப் மீட்டிங்குக்குப் போனவன் நான்.

இப்போ சொல்ல வேண்டியதைச் சொல்லிடுறேன். இதுவரைக்கும் இங்க எழுதாத விஷயம்.

எனக்கு ஒரு அக்கா உண்டு. மூணு வயசு மூத்தவ. ஏழு வருஷம் முன்னாடி, நான் காலேஜ் ஃபைனல் இயர்ல இருந்தப்போ, அவ கூட வேலை பார்த்த ஒருத்தரைக் காதலிச்சா. அவர் காலனிப் பையன். அதை வீட்டுல முதல்ல சொன்னது நான்தான். அவ போனைப் பார்த்துட்டு, ஏதோ பெரிய குடும்பப் பொறுப்பு மாதிரி, அப்பாகிட்ட போய்ச் சொன்னேன். அப்புறம் நடந்ததை எல்லாம் எழுத வேண்டாம். ரெண்டு மாசம் வீட்டுக்குள்ளயே கிடந்தா. ஒரு நாள் விடியற்காலை செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடிச்சுப் போயிட்டா. ரிஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணம், பெங்களூர்ல வீடு. எங்க வீட்டு ஆல்பத்துல அவ இருக்கிற பக்கங்கள் மட்டும் ஒட்டிக்கிடக்கு.

உத்திரமேரூர்னாலே எல்லாரும் குடவோலையைத்தான் சொல்வாங்க. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 919, 921. ஜனநாயகத்தோட தொட்டில். சின்ன வயசுல மாமா யார் வந்தாலும் கூட்டிட்டுப் போய்க் காட்டுவார். இந்தத் தடவை ஊருக்குப் போனப்போ அந்த விதிகளைத் தேடிப் படிச்சேன். ஓலையில பேர் எழுதணும்னா கால் வேலி நிலம் இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும், வேதம் தெரிஞ்சிருக்கணும், வயசு 35க்கு மேல 70க்குள்ள. அது பிராமணர் சபை. எங்க தாத்தாவோட தாத்தா பேரு அந்தக் குடத்துக்குள்ள விழுந்திருக்கவே முடியாது. வெளியில நின்ன ஜனங்கதான் நாங்களும். நின்ன இடத்துல இருந்துக்கிட்டே இன்னொரு கோடு போட்டு அதுக்கு அந்தப் பக்கம் வேற ஆளுங்களை நிறுத்தினோம். கோட்டைத் தாண்டின அக்காவையும்.

'பெத்தவன்' பையில இருந்துச்சு. அம்மா எடுத்தாங்க. "இன்னாடா இது, சன்னமா இருக்கு?"ன்னாங்க. தடுக்கிறதுக்குள்ள வழக்கம்போல கடைசிப் பக்கம். படிச்சாங்க. பக்கத்து வீட்டுக்குக் குடுத்துடுவாங்கன்னு நினைச்சேன். குடுக்கலை. கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு முதல் பக்கத்துக்குப் போனாங்க.

மறுநாள் கீரை ஆஞ்சுக்கிட்டே, தலை நிமிராம கேட்டாங்க.

"அந்தப் பொண்ணு நல்லாருக்காளாடா?"

"எந்தப் பொண்ணும்மா?"

பதில் இல்லை. கீரைத்தண்டை ஒடிக்கிற சத்தம் மட்டும்.

அக்காவும் நானும் ரெண்டு வருஷமா வாட்ஸப்ல பேசிக்கிறோம். வீட்டுக்குத் தெரியாது. போனை எடுத்து நீட்டினேன். அக்கா, மாமா, நடுவுல யூனிஃபார்ம்ல யூகேஜி படிக்கிற குட்டி. முன்பல் ரெண்டும் இல்லாம சிரிப்பு. அம்மா ஈரக்கையை முந்தானையில துடைச்சுட்டு வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இளைச்சுட்டா" அப்படின்னு மட்டும் சொல்லித் திருப்பிக் குடுத்தாங்க.

நான் உலகம் பூரா தேடின நல்ல முடிவு உள்ள காதல் கதை எங்க வீட்டுலயே இருந்திருக்கு. ஏழு வருஷமா அதைப் பிரிக்காம வச்சிருந்தது நாங்கதான்.

அப்பாகிட்ட இன்னும் யாரும் பேசலை. அக்காகிட்ட நான் மன்னிப்பும் கேட்கலை. அன்னிக்கு ராத்திரி நாலு வரி டைப் பண்ணி நாலையும் அழிச்சேன். யார் சொன்னதுன்னு அவளுக்குத் தெரியும். இதுவரைக்கும் கேட்டதில்லை.

கடைசி வார மீட்டிங்ல ஜென்கின்ஸைப் பத்தி மட்டும் மூணு நிமிஷம் பேசினேன். பரிசு வேற யாருக்கோ போச்சு.

டிஸ்கி: தலித் எழுத்தாளர் எழுதி, ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் நல்லா இருக்கிற தமிழ்க் காதல் நாவல் தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. அம்மா கேட்கிறாங்க.