நன்னியின் 48 கிலோ கோதுமை

வீட்டில் பி.காம் படிக்கிற பையன் இருந்தால் கரண்ட் பில்லில் ஆரம்பித்து கல்யாண மொய் வரை எல்லாக் கணக்கும் அவன் தலையில்தான் விழும். 2024 ரமளானுக்கு முந்தின நாள் அத்தா ஒரு புதுக் கணக்கு கொடுத்தார். நன்னியின் நோன்புக்கு எவ்வளவு ஃபித்யா வரும் என்று பார்க்க வேண்டும்.

நன்னிக்கு 78 வயது. தினமும் இரண்டு வேளை இன்சுலின். நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டர் 2023-லேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நன்னியும் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார். ஆனால் அந்த ரமளானில் ஊசியையும் போட்டுக்கொண்டு, நோன்பையும் யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கிறார். மூன்றாம் நாள் அசர் தொழுகைக்கு ஒளு செய்யப் போனவர் குழாயடியில் மயங்கி விழுந்து கிடந்தார். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஃபித்யா பற்றித் தெரியாத நண்பர்களுக்காகச் சுருக்கமாக: குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 184-வது வசனத்தில் இது வருகிறது. நோயாளியும் பயணியும் விட்ட நோன்பை வேறு நாட்களில் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பெயர் களா. முதுமை, தீராத நோய் என்று இனி எப்போதுமே வைக்க முடியாதவர்கள் ஒரு நோன்புக்கு ஓர் ஏழை வீதம் உணவு கொடுக்க வேண்டும். இதுதான் ஃபித்யா. ஷாஃபி மத்ஹபில் ஒரு நாளைக்கு ஒரு முத்து தானியம், அதாவது இரண்டு கையையும் சேர்த்து ஏந்துகிற அளவு. நாங்கள் ஹனஃபி. எங்களுக்கு அரை ஸாவு கோதுமை, சுமார் 1.6 கிலோ. அதன் விலையைப் பணமாகவும் கொடுக்கலாம். இல்லாவிட்டால் ஓர் ஏழைக்கு இரண்டு வேளை வயிறாரச் சாப்பாடு போடலாம்.

எக்செல்லில் போட்டேன். 30 நாள், 48 கிலோ. கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் 1,920 ரூபாய். கணக்கு முடிந்தது!

அப்போதுதான் எனக்குள் இருந்த ஆடிட்டர் முழித்துக்கொண்டான். 2023-ல் டைபாய்டு வந்து நானும் 6 நோன்பு விட்டிருந்தேன். ஒரு வருடமாகியும் களா வைக்கவில்லை. செமஸ்டர், டூர், ப்ராஜெக்ட் என்று தள்ளிக்கொண்டே போனது. 30 என்பதை அழித்து 36 என்று போட்டால் கூட 384 ரூபாய்தான். பழைய பாக்கியும் தீர்ந்துவிடும் :)

இந்த அருமையான யோசனையோடு நன்னியிடம் போய்க் கணக்கைக் காட்டினேன். கண்ணாடியைக் கூடப் போடாமல் பேப்பரைத் தள்ளிவிட்டார்.

"நான் என்ன மவுத்தாவா போயிட்டேன்? காசக் கட்டி என் கணக்க முடிக்கப் பாக்குறீங்க. பத்து வயசுல ஆரம்பிச்சது, இந்த வீட்டுல எல்லாருக்கும் நோன்பு, எனக்கு மட்டும் ரசீதாடா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அத்தா பள்ளிவாசல் ஹஜ்ரத்தை வீட்டுக்கு அழைத்து வந்தார். முதலில் என் விஷயத்தைக் கேட்டேன். ஹஜ்ரத் சிரித்தார்.

"தம்பி, நல்லா ஆரோக்கியமா இருக்கீங்க. உங்ககிட்ட கேக்குறது நோன்பு, காசு இல்ல. நீங்க கோடி ரூபா கொடுத்தாலும் அந்த ஆறு நோன்பு உங்க மேலதான் நிக்கும்."

பிறகு நன்னியிடம் பேசினார். நபிகளுக்குப் பத்து வருடம் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், வயதாகி நோன்பு வைக்க முடியாமல் போனபோது தினமும் ஓர் ஏழைக்கு ரொட்டியும் இறைச்சியும் கொடுத்தார்கள் என்றார். "அவங்களே கொடுத்திருக்காங்கம்மா. உங்களால முடியாதுன்னு அல்லாஹ்வுக்குத் தெரியும். நோன்புக்குப் பதிலா அவன் உங்களுக்குக் கொடுத்த அமல் இது. இதுவும் அவன் சொன்னதுதான், நோன்பும் அவன் சொன்னதுதான்."

நன்னி ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசியில், "அப்போ காசு வேணாம். நானே சாப்பாடு கொடுக்குறேன்" என்றார்.

எங்கள் தெருக் கோடியில் தனியாக இருக்கும் ஒரு விதவைப் பாட்டிக்கு அன்றிலிருந்து இரண்டு வேளை சாப்பாடு போனது. மஃரிபுக்கு ஒரு கேரியர், சஹருக்கு ஒரு கேரியர். சமைப்பது அம்மா. என்ன சமைப்பது, எவ்வளவு வைப்பது, கறித்துண்டு அடியிலா மேலேயா என்பதெல்லாம் நன்னி. தினமும் மூன்றரை மணிக்கு எங்களுக்கு முன்னால் எழுந்து, அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். கேரியர் தூக்கிப் போவது என் வேலை. முப்பது நாளும் நன்னி மாத்திரையையும் ஊசியையும் நேரத்துக்கு எடுத்துக்கொண்டார். மறைத்து நோன்பு வைக்கவே இல்லை.

யோசித்துப் பார்த்தால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்திருக்கிறோம். ஃபித்யாவை நோன்பின் விலை என்று நினைத்துவிட்டோம். விலை என்றதும் எனக்கு லாபமாகத் தெரிந்தது, நன்னிக்கு அவமானமாகத் தெரிந்தது. அது விலையாக இருந்தால் காசுள்ளவன் எவனும் பசித்திருக்க மாட்டான். நோன்பு வைக்க முடியாதவர்களும் ரமளானுக்கு வெளியே நின்றுவிடக் கூடாது என்பதற்காகத் திறந்து வைத்த வாசல் அது. வைக்க முடிந்தவன் அந்த வழியாக நழுவ முடியாது.

என் 6 நோன்பையும் ஜூலையில் வைத்து முடித்தேன். வீட்டில் வேறு யாருக்கும் நோன்பில்லாத அந்த நாட்களில் அலாரம் வைக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. சரியாக நாலு மணிக்கு நன்னி வந்து காலைத் தட்டுவார்.

"எந்திரிடா. உன் பாக்கிய நீதான் அடைக்கணும்."