நத்தை மட்டும் ஏன் சாகிறது?

மீன் தொட்டியில் நத்தை விடும் வழக்கம் எங்கள் செய்யாறு வரைக்கும் வந்துவிட்டது. கண்ணாடியில் படிகிற பாசியைத் தின்று தொட்டியைப் பளிச்சென்று வைக்கும் என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். வாங்கிய பலரும் சொல்வது, "மீன் நல்லாத்தான் இருக்கு, நத்தைதான் தங்கறதில்லே" என்பது!

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கப்பியும் மோலியுமாகப் பத்துப் பன்னிரண்டு மீன்கள். கூடவே நாலு மஞ்சள் ஆப்பிள் நத்தை. அவை என் சின்னப் பெண்ணின் செல்லம். மார்கழி முடிவதற்குள் நாலும் போய்விட்டன. தை மாதம் இன்னும் இரண்டு வாங்கி விட்டோம். மூன்றே நாள்!

அதற்கப்புறம் வீட்டில் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. பெரியவன், "இவதான் தீனியைக் கொட்டிக் கொட்டித் தண்ணியைக் கெடுத்துட்டா" என்றான். என் மாமியாரோ, "தார் சுத்தின கையோட தண்ணிய அளையறா. சாயம் பட்டா சீவன் தாங்குமா?" என்றார். எங்களுடையது பட்டுத் தறி வீடு. நான் ராட்டையில் தார் சுற்றும்போது குழந்தையும் பக்கத்தில் உட்கார்ந்து நூலைத் தொட்டுக்கொண்டு இருப்பாள். "நான்தான் சாகடிச்சேனாம்மா?" என்று ராத்திரி படுக்கையில் கேட்டாள். அதற்குப் பின் தொட்டிப் பக்கமே போகவில்லை. எனக்கு நத்தையைவிட அதுதான் உறுத்தியது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடக்கூடாது என்று இருந்தேன்.

முதலில் யோசித்தது இது. குழாய்த் தண்ணீரில் குளோரின் அதிகமென்றால் மீன்களும் வாயைத் திறந்து திணறியிருக்கும். தீனி அழுகி அமோனியா சேர்ந்திருந்தாலும் அப்படியே. இங்கே மீன் ஒன்றுகூட வாடவில்லை. மீன் கடித்ததா என்றால், தங்க மீனும் அயிரை இனங்களும் நத்தையின் மீசையைக் கடிப்பதுண்டு. எங்களிடம் அவை இல்லை. ஆக, மீனுக்குத் தாங்கக்கூடிய, நத்தைக்கு மட்டும் ஆகாத ஏதோ ஒன்று தொட்டிக்குள் இருக்கவேண்டும்.

வயல் வாய்க்காலிலிருந்து நம்மூர் நத்தை இரண்டு கொண்டுவரச் சொன்னேன். ஒன்றை பிளாஸ்டிக் பேசினில், ராத்திரி பிடித்து வைத்த அதே குழாய்த் தண்ணீரில் விட்டேன். தார் சுற்றின கையாலேயே குழந்தையை அளையச் சொன்னேன், அவள் போடும் அதே தீனியைப் போடச் சொன்னேன். மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னொன்றைத் தொட்டியில் விட்டேன். பேசின் நத்தை ஐந்து நாளும் கீரைத் தண்டைக் கறுக் கறுக்கென்று தின்றது. தொட்டியில் விட்டது இரண்டாம் நாளே ஓட்டுக்குள் சுருங்கி அடியில் கிடந்தது. உடனே எடுத்து நல்ல தண்ணீரில் போட்டதால் பிழைத்தது.

தண்ணீர் குற்றவாளியில்லை, கை குற்றவாளியில்லை, தீனியும் இல்லை. பாக்கி என்ன? மார்கழிக் குளிரில் மீன்கள் மேல் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி வந்ததும், கடையில் சொன்னபடி பெரியவன் சொட்டுச் சொட்டாக ஊற்றிய மருந்து! சீசாவைத் தேடி எடுத்து, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தேன். காப்பர் சல்பேட்.

நம் மயில்துத்தம்தான் அது! நெல் வயலில் பாசி படர்ந்தால் என் அப்பா மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து வாய்மடையில் கட்டிவிடுவார். மறுநாள் அங்கே நத்தைகள் செத்துக் கிடக்கும். எகிப்து போன்ற நாடுகளில் பில்ஹார்சியா என்ற நோயைப் பரப்பும் நத்தைகளை ஒழிக்க வாய்க்கால்களில் இதையே கலந்தார்களாம். வேடிக்கை என்னவென்றால், நம் ரத்தத்தில் இரும்பு செய்கிற வேலையை நத்தையின் ரத்தத்தில் தாமிரம்தான் செய்கிறது. அதனால் அதன் ரத்தம் லேசான நீலம். உடம்புக்குள் துளி வேண்டும். தண்ணீரில் கொஞ்சம் கூடினாலும் ஆளை முடித்துவிடும்.

"மருந்து ஊத்தி மாசமாச்சே, தண்ணி கூட மாத்தினோமே" என்றான் பையன். பாதித் தண்ணீர்தானே மாற்றினான்? அடியிலிருந்த சலவைக்கல் ஜல்லி மாற்றவே இல்லை. சுண்ணாம்புச் சத்துள்ள கல்லில் தாமிரம் ஒட்டிக்கொண்டு மெள்ள மெள்ளக் கசியும். ஜல்லியை எறிந்துவிட்டு ஆற்று மணலை அலசிப் போட்டோம். தண்ணீரை முழுக்க மாற்றி, வடிகட்டியில் ஆக்டிவேட்டட் கார்பன் வைத்தோம். ஊரில் கிடைக்காமல் சென்னை கொளத்தூரிலிருந்து வந்தது. அலங்கார மீன் சாமான் எதுவானாலும் அங்கே உண்டு.

நத்தை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. மீனுக்கு நோய் வந்தால் மீனைத் தனி வாளியில் விட்டு மருந்து கொடுங்கள். செப்புக் குடத்தில் ஊறிய தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றாதீர்கள். ஓடு வெளுத்துக் குழி விழுந்தால் அது சுண்ணாம்புச் சத்துக் குறைவு. கழுவிக் காயவைத்த முட்டை ஓடு ஒரு துண்டு போதும். செத்ததா தூங்குகிறதா என்று சந்தேகமா? வெளியே எடுத்து முகர்ந்து பாருங்கள், நாற்றம் சொல்லிவிடும். செத்ததை உடனே எடுக்காவிட்டால் மீனுக்கும் ஆபத்து.

சித்திரையில் மூன்று மஞ்சள் நத்தை வாங்கி விட்டோம். நன்றாக ஊர்கின்றன. மாமியார் எதுவும் சொல்லவில்லை. ஆனால் வெள்ளரிக்காய் நறுக்கும்போது முனைத் துண்டைத் தனியே எடுத்து வைத்து, "ஏ பொண்ணு, உன் நத்தைக்கு இந்தா" என்று கூப்பிடுகிறார்.