கொதிமணலும் குளிர்பாலும்

சில ஆண்டுகளுக்கு முன், கடுங்கோடையில், அமிர்தசரசிலிருந்து ஜலந்தருக்குப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தோம். நண்பகல் அனல்காற்று முகத்தைச் சுட்டது. திடீரெனச் சில இளைஞர் சாலையில் இறங்கி வண்டியை நிறுத்தினர். மறியல்போலும் என்று அஞ்சினோம். அவர்களோ குவளைகளை ஏந்திப் படியேறினர். பாலும் நீரும் சர்க்கரையும் ரோஜா சர்பத்தும் கலந்த குளிர்ந்த பானம், ‘சபீல்’ என்பர். இன்னார் இனியார் என்று பாராது அனைவருக்கும் தந்தனர். காசு நீட்டினோம், வாங்க மறுத்தனர். அருகிலிருந்த சீக்கியப் பெரியவரிடம், “இன்று என்ன திருவிழா, ஐயா?” என்று நமக்குத் தெரிந்த இந்தியில் வினவினோம்.

“எங்கள் குருவைக் கொன்ற நாள்” என்றார்.

சீக்கியர் தம் குருமாரை நினைவுகூரும் நாள்களைக் ‘குர்புரப்’ என்று அழைக்கின்றனர். பிறந்த நாளும் குர்புரப்தான். மறைசாட்சியாய் மடிந்த நாளும் குர்புரப்தான். கார்த்திகைப் பௌர்ணமியில் வரும் குரு நானக்கின் பிறப்பு விழாவை நாம் அறிவோம். திருநூலை ஏறத்தாழ 48 மணி நேரம் இடைவிடாது வாசித்து முடிப்பர். அலங்கரித்த வாகனத்தில் அந்நூலை ஏற்றி, ஐவர் முன்னே நடக்க, பாடியவாறு பவனி வருவர். ‘லங்கர்’ எனும் பொதுப்பந்தியில் செல்வரும் வறியவரும் தரையில் ஒன்றாய் அமர்ந்து உண்பர்.

ஆனால் அன்று நாம் கண்டது ஐந்தாம் குருவாகிய அர்ஜன் தேவின் நினைவு நாள். 1604-இல் ஆதி கிரந்தத்தைப் பொற்கோயிலில் நிறுவியவர் அவர். 1606-இல், முகலாய மன்னர் ஜஹாங்கீரின் ஆட்சியில், லாகூரில் உயிர்நீத்தார். காய்ச்சிய இரும்புத் தட்டில் அமர்த்தி, உடல்மேல் கொதிமணலைச் சொரிந்தனர் என்பது சீக்கிய மரபு. அப்போதும் இறைசித்தத்தை இனிமையாகவே ஏற்றார் என்பர். அவர் மைந்தர் குரு அர்கோபிந்த் இரு வாள்களை அணிந்தார். எனவே அம்மக்கள் அநீதியை மறந்துவிட்டனர் என்று எண்ண வேண்டாம். மறக்கவில்லை. ஆயினும், தம் குரு வெந்த அதே கோடையில் பிறர் தாகத்தைத் தணிக்கின்றனர். நான்கு நூற்றாண்டுக்கு முந்தைய காயம் அவர்கள் கையில் இனிப்பாய் மாறியிருக்கிறது.

அன்று குவளையை ஏந்திய நம் கை சற்று நடுங்கியது. தந்தையார் மறைந்த வேளையில் நிலம் பற்றி எழுந்த சில சொற்களுக்காகத் தமையனாரின் வீட்டு வாசலைப் பதினோர் ஆண்டுகள் மிதியாதிருந்தோம். ஆண்டுதோறும் தந்தையாரின் நினைவு நாளில் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். மன்னிப்பைப் பற்றி மறையுரையும் ஆற்றினோம். நெஞ்சிலோ அச்சொற்களையே ஒவ்வோர் ஆண்டும் புதுப்பித்துவந்தோம். நாமும் ஒரு காயத்தை நினைவுகூர்ந்தோம். எவருக்கும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை.

அடுத்த நினைவு நாளன்று தமையனாரின் வாசலில் போய் நின்றோம். அவர் ஒன்றும் பேசவில்லை. வெயிலில் வந்திருக்கிறோமே என்று அண்ணியார்தாம் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.