பெட்டியின் மேல் எழுதியிருந்த எண்கள்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் விருந்தாளி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலையைத் தாண்டிக் காற்று புகுந்து, வெயிலும் தூறலும் மாறி மாறி வரும்போது, ஆண்டு முழுவதும் ஒரு வரி எழுதாத உறவினர்க்கும் எங்கள் நினைவு வந்துவிடும். 2023-ஆம் ஆண்டு ஆடியிலும் அவ்வாறே மதுரையிலிருந்து எங்கள் தங்கை தன் கணவரோடும் பிள்ளைகளோடும் வந்திருந்தாள். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அனைவருமாகப் பேரருவிக்குப் புறப்பட்டோம்.

அன்று எங்கள் துணிப்பையில் துண்டுகளோடு ஒரு கைப்பேசியும் இருந்தது. அது 2022-இல் இறைவனடி சேர்ந்த எங்கள் தாயாருடையது. விலை குறைந்தது, பழையது. ஆயினும் அப்பா அதை விட்டுப் பிரியமாட்டார். அதற்குக் காரணம் உண்டு. அம்மா படுக்கையில் இருந்த கடைசித் தவக்காலத்தில், ஒரு மாலை, வழக்கம்போல் செபமாலையை அவர்களே தொடங்கி, ஐந்து தேவ இரகசியங்களையும் சொல்லி முடித்தார்கள். தங்கை அதை அந்தக் கைப்பேசியிலேயே பதிவு செய்து வைத்திருந்தாள். இருபது நிமிடப் பதிவு. மாலை ஏழு மணிக்கு அப்பா அதை ஒலிக்கச் செய்து, உடன் செபிப்பார். வீட்டில் அம்மாவின் குரல் கேட்கும் நேரம் அது ஒன்றே.

மெல்லிய பாலிதீன் உறை ஒன்றில் அதைச் சுற்றியிருந்தோம். அது போதும் என்று எண்ணினோம். நாங்கள் அருவியில் நிற்கையில், பிள்ளைகள் பையை இழுத்துச் சென்று சாரல் விழும் இடத்தில் வைத்துவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தபோது பை முழுவதும் நனைந்திருந்தது. திரை கறுத்துக் கிடந்தது.

அதன்பின் நாங்கள் செய்தவையெல்லாம் பிழைகளே. வீட்டுக்கு வந்ததும் உயிர் இருக்கிறதா என்று பார்க்க அதை மின்னேற்றியில் மாட்டினோம். ஈரமான மின்பலகையில் மின்சாரம் பாய்ந்தால் குறுக்குச் சுற்று ஏற்பட்டு, பிழைக்கக்கூடியதும் போய்விடும் என்பதை அப்போது நாங்கள் அறியோம். பிறகு அரிசிப் பானைக்குள் இரண்டு நாள் புதைத்து வைத்தோம். அரிசி உள்ளிருக்கும் நீரை உறிஞ்சுவதில்லை; தூசியும் மாவுமே துளைகளுக்குள் புகும். செய்ய வேண்டியது, உடனே நிறுத்தி, துடைத்து, காற்றில் உலரவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதுதான்.

மூன்றாம் நாள் கடைக்குக் கொண்டு போனோம். அங்கிருந்த இளைஞர் அதைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த சிறு துண்டு ஒன்றைக் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டியது சிவந்திருந்தது. தண்ணீர் பட்டதற்கு அதுவே சாட்சியாம். “போர்டு போயிட்டு, அண்ணாச்சி. உள்ள இருக்கறத எடுக்க வழியில்ல” என்றார். இக்காலக் கைப்பேசிகளில் சேமிப்புச் சில்லு மின்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அதிலுள்ளவையும் இரகசியக் குறியீடாக மாற்றப்பட்டே பதிகின்றன. ஆகவே சில்லைப் பெயர்த்து வேறொன்றில் வைத்தாலும் படிக்க இயலாது. திருடனுக்கு எதிராக அமைந்த பூட்டு வீட்டுக்காரனையும் வெளியே நிறுத்திவிட்டது.

அப்பா அதிகம் பேசவில்லை. “ஏய்யா, அப்ப அம்மா குரல் இனி வராதா?” என்று மட்டும் கேட்டார்.

நல்ல வேளையாகத் தங்கைக்கு ஒன்று நினைவு வந்தது. செபமாலையின் நான்காம் பத்துமணியை மட்டும் தனியே பதிவு செய்து, அந்நாளில் வாட்ஸ்அப் வழியாகத் தன் கணவருக்கு அனுப்பியிருந்தாளாம். தேடிப் பார்த்தபோது அது அவருடைய கைப்பேசியில் அப்படியே இருந்தது. நான்கு நிமிடம். அம்மாவின் குரலில் எஞ்சியது அவ்வளவே.

நிற்க. அப்பாவுக்குப் புதிய கைப்பேசி வாங்க வேண்டியதாயிற்று. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று நம் ஆண்டவர் கூறியதை லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நாங்களும் இம்முறை உட்கார்ந்து கணக்கிட்டோம். சகோதரர்கள் பங்கு போட்டு, அவ்வாண்டு மார்ச் மாதம் வெளிவந்திருந்த சாம்சங் கேலக்ஸி ஏ 34 என்னும் நடுத்தர விலைக் கைப்பேசியை வாங்கினோம். விலை 30 ஆயிரம் ரூபாயை ஒட்டியது. நடுத்தர விலை என்று கடைக்காரர் சொல்லுவது நடுத்தரக் குடும்பத்துக்குப் பெருந்தொகையே. ஆகவே பெட்டியிலும் விளக்கத் தாளிலும் இருந்த எண் ஒவ்வொன்றையும், ‘இது நம் வீட்டுக்கு என்ன செய்யும்?’ என்று கேட்டுக் கேட்டுப் படித்தோம். நாங்கள் அறிந்துகொண்டதை வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதில் தவறில்லை என எண்ணுகிறோம்.

முதலாவது, திரை. மூலைக்கு மூலை 6.6 அங்குலம், அகலத்தில் 1080, நீளத்தில் 2340 ஒளிப்புள்ளிகள். அப்பாவுக்கு இதன் பொருள், அன்றைய திருப்பலி வாசகத்தைப் பெரிய எழுத்தில் வைத்துக் கண்ணாடியைத் தேடாமல் படிக்கலாம் என்பதே. படம் ஒரு நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படும் என்றும் எழுதியிருந்தது. அது விரலால் தள்ளும்போது எழுத்துகள் வழுக்கிச் செல்ல உதவும். மின்சாரத்தையும் சற்று கூடுதலாகத் தின்னும். அப்பாவுக்கு அது வேண்டாம் என்று 60-க்குக் குறைத்து வைத்தோம்.

இரண்டாவது, நினைவகம். 8 ஜிகாபைட் என்றும் 128 ஜிகாபைட் என்றும் இரண்டு எண்கள் இருந்தன. இவ்விரண்டையும் மயங்கிக் கொள்வோர் பலர். 128 என்பது பத்தாயம். நெல்லைக் கொட்டி ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது. 8 என்பது முற்றம். அன்றன்று வேண்டியதை எடுத்துப் பரப்பி வேலை செய்யும் இடம். முற்றம் சிறிதானால் வேலை தடைப்படும். பத்தாயம் சிறிதானால் பழையதை எறிந்தால்தான் புதியதற்கு இடம். கைப்பேசியை நிறுத்தினால் முற்றம் காலியாகிவிடும்; பத்தாயத்தில் உள்ளது இருக்கும்.

மூன்றாவது, செயலி. மீடியாடெக் நிறுவனத்தின் டைமன்சிட்டி 1080. எட்டுக் கருக்கள் கொண்டது. 6 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் ஆனது. மனிதரின் தலைமயிர் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 80 ஆயிரம் நானோமீட்டர் என்றால், அதன் நுண்மையை ஒருவாறு எண்ணிப் பார்க்கலாம். வியப்புத்தான். ஆனால் பேசுவதற்கும் படிப்பதற்கும் செபம் கேட்பதற்கும் இதன் வலிமையில் பாதி கூடத் தேவையில்லை.

நான்காவது, ஒளிப்படக் கருவி. பெட்டியில் மிகப் பெரிதாக அச்சிட்டிருந்தது இதுவே: 48 மெகாபிக்சல். உண்மையில் அது வழக்கமாக நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தையே தருகிறது. அவ்வாறு சேர்ப்பதால் மங்கிய ஒளியிலும் படம் ஓரளவு தெளிவாக விழும். எண் பெரிதாவதால் மட்டும் படம் நன்றாகிவிடாது. எங்களுக்கு உண்மையில் பயன்பட்டது சிறிய எழுத்தில் இருந்த வேறொன்று: நடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பு. 78 வயதுக் கை நடுங்கினாலும் பேரப்பிள்ளையின் முகம் கலங்காமல் விழுகிறது.

ஐந்தாவது, மின்கலம். 5000 மில்லி ஆம்பியர் மணி. அப்பாவின் உபயோகத்துக்கு ஒன்றரை நாள் தாராளமாக வருகிறது. ஆடிக் காற்றில் மின்கம்பி அறுந்து ஊர் இருண்டாலும் அஞ்ச வேண்டியதில்லை. 25 வாட் வரை வேகமாக மின்னேற்றலாம் என்று எழுதியிருக்கிறது; ஆனால் மின்னேற்றி பெட்டிக்குள் இல்லை. தனியே காசு கொடுத்து வாங்க வேண்டும். அவ்வாறே, அப்பாவின் பழைய கம்பி ஒலிவாங்கியைச் செருகுவதற்கு இதில் துளையும் இல்லை. இல்லாதவற்றைப் பெட்டி பெரிய எழுத்தில் சொல்லுவதில்லை.

ஆறாவது, பெட்டியின் முகப்பில் கண்ணில் படாத ஒன்று: பாதுகாப்புத் திருத்தங்கள். ஐந்தாண்டுக் காலம், அதாவது 2028 வரை, இதற்கு அவை வரும் என நிறுவனம் அறிவித்திருக்கிறது. வங்கிக் கணக்கும் ஓய்வூதியமும் கைப்பேசிக்குள் வந்துவிட்ட இந்நாளில், திருத்தம் நின்றுபோன கைப்பேசி தாழ்ப்பாள் துருப்பிடித்த கதவு போன்றது. மெகாபிக்சலைக் கேட்கும் நாம் இதைக் கேட்பதில்லை. இனியேனும் கேட்போமாக.

இறுதியாக, எங்களைச் சுட்ட எண்: ஐ.பி. 67. இது உலகளாவிய மின்தொழில்நுட்ப ஆணையம் வகுத்த தரக் குறியீடு. முதல் இலக்கமாகிய 6, தூசி உட்புகாது என்பதைக் குறிக்கும். இரண்டாம் இலக்கமாகிய 7, ஒரு மீட்டர் ஆழ நீரில் முப்பது நிமிடம் கிடந்தாலும் கெடாது என்பதைக் குறிக்கும். இதைப் பார்த்தே இதை வாங்கினோம் என்றாலும் மிகையாகாது.

அடுத்த ஆண்டுச் சாரலில் தங்கை மகன் வந்தான். “மாமா, இதுதான் வாட்டர்ப்ரூஃப் ஆச்சே! ஐந்தருவிக்குக் கொண்டு போவோம்” என்றான். அப்போது விளக்கத் தாளை மீண்டும் எடுத்தோம். சோதனை நடந்தது ஆய்வுக்கூடத்தில், அசையாத நன்னீரில். பாய்ந்து வந்து அடிக்கும் நீருக்கு 5, 6 என வேறு இலக்கங்கள் உண்டு. 7 பெற்றது அச்சோதனைகளையும் வென்றது என்று பொருளில்லை. பொருத்துவாய்களை அடைத்திருக்கும் பசை நாளடைவில் தளரும். ஒருமுறை கீழே விழுந்தாலும் விலகும். நீர் புகுந்து கெட்டால் உத்தரவாதம் பொதுவாகச் செல்லாது. குற்றால அருவியோ, அசையாத நீர் அன்று. பேரருவி நேரே தரையில் விழாமல் நடுவே பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் வேகம் தணிந்த பின்னரே நம் தலைமேல் விழுகிறது. அப்படித் தணிந்த நீரே தோளை எப்படி அறைகிறது என்பது அங்கு நின்றவர்க்குத் தெரியும். கைப்பேசி வீட்டிலேயே இருக்கட்டும் என்றோம். பையனுக்கு வருத்தம். ஆயினும் அன்று அவன் எவரையும் படம் பிடிக்காமல் அரை நாள் அருவியில் ஆடினான்.

அப்போதுதான் எங்களுக்கு ஒன்று விளங்கிற்று. எண் ஒவ்வொன்றும் ஒரு வாக்குறுதி. வாக்குறுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. நிபந்தனையைப் படியாமல் வாக்குறுதியை மட்டும் நம்புவது நம் குற்றமேயன்றி எண்ணின் குற்றமன்று. சமூகத் தொடர்புக் கருவிகளைக் குறித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் ஓர் ஆணை வெளியிட்டது. அச்சும் திரைப்படமும் வானொலியும் தொலைக்காட்சியும் மட்டுமே இருந்த அந்நாளிலேயே, இவற்றைப் பயன்படுத்துவோர் அறிந்து பயன்படுத்த வேண்டும் என அது வலியுறுத்திற்று. கையளவுக் கருவிக்கும் அது பொருந்தும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தோம். இருபது நிமிடக் குரல் பதிவுக்கு ஏறத்தாழ 20 மெகாபைட் போதும். 128 ஜிகாபைட்டில் மற்றவற்றுக்கு விட்டது போக, அத்தகைய பதிவுகள் ஐயாயிரம் கொள்ளும். ஐயாயிரத்துக்கு இடம் தரும் கருவியால், ஒரே இடத்தில் வைத்த ஒன்றைக் காப்பாற்றித் தர இயலாது. அம்மாவின் இருபது நிமிடத்தை மற்றொரு கைப்பேசிக்கு அனுப்பியிருந்தால் அது இன்று இருந்திருக்கும். அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை; இரண்டு நிமிட அக்கறை போதும். அன்புள்ள வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் குரலும் படமும் ஒரே கைப்பேசியில் இருக்குமானால், இவ்விதழை மூடி வைத்துவிட்டு முதலில் அவற்றை வேறோர் இடத்திலும் சேர்த்து வையுங்கள்.

இப்போது எங்கள் வீட்டுச் செபமாலை இவ்வாறு நடைபெறுகிறது: மூன்று தேவ இரகசியங்களை நாங்கள் சொல்லுகிறோம். நான்காவதை அம்மா சொல்லுகிறார்கள். ஐந்தாவதை அப்பா முடிக்கிறார்.

ஒருநாள் புத்திசாலித்தனமாக நடப்பதாக எண்ணி, அப்பாவின் குரலையாவது முழுமையாகப் பதிந்து மூன்று இடங்களில் வைப்போம் என்று கைப்பேசியை அவர் முன் வைத்தோம். அவர் அதைக் கையால் ஒதுக்கவில்லை. செபமாலையை எடுத்துக்கொண்டே, “பதியணும்னா பதிஞ்சுக்கோங்கய்யா. ஆனா நான் இன்னும் இருக்கம்லா. தினமும் ஏழு மணிக்கு வந்து எங்கூட உக்காந்து சொல்லுங்க” என்றார்.

அன்று முதல் ஏழு மணிக்கு நாங்கள் வேறெங்கும் செல்வதில்லை.